மணி சிணுங்காத வட்டம்

மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டிருந்தார்கள் குழந்தைகள்.

வட்டமாக உட்கார்ந்திருந்த அந்தப் பிஞ்சுக் கைகளில் ஒரு சின்னப் பித்தளை மணி... நாக்கு அசையாமல்... சத்தம் வராமல்... ஒரு கையிலிருந்து அடுத்த கைக்குப் போய்க்கொண்டிருந்தது. எந்தக் கையிலும் சிணுங்காமல் வட்டம் முழுக்கச் சுற்றி மிஸ்ஸிடம் திரும்பிவிட்டால் எல்லோருக்கும் வெற்றி. யாராவது ஒருவர் கையில் 'கிணிங்' என்றால் எல்லோரும் மறுபடி முதலிலிருந்து. தனியாக ஒருத்தர் மட்டும் ஜெயிக்கவே முடியாத விளையாட்டு. அதனால்தான் உபேக்ஷாவுக்கு அதன்மேல் அவ்வளவு பிரியம்.

தென்னிலங்கையில், திக்வெல்லவின் கடற்கரைச் சாலையில், பேக்கரிக்குப் பின்னால் இருந்தது அவளுடைய மாண்டிசோரி. ஒரே ஒரு பெரிய அறை, பாய்கள், சுவரோரம் தாழ்வான அலமாரி. அந்த வருஷம் ஆரம்பித்ததிலிருந்து மணி ஒரு நாளும் முழு வட்டம் போனதில்லை. இன்றைக்கு சேனுலி வரவில்லை. காய்ச்சலாம். அவள் கைக்குப் போனால் எப்படியும் சிணுங்கிவிடும் என்பது மற்றக் குழந்தைகளுக்கே தெரியும். இன்றைக்கு அவள் இல்லை... இதோ பாதி வட்டம்... முக்கால்... இன்னும் கொஞ்சம்தான்...

தும்... தும்... தும்... தும்...

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பாய் அதிர்ந்தது. கடைசிக்கு முந்தைய பையனின் கையில் மணி தானாகவே சிணுங்க, அவன் உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்தான்.

உபேக்ஷா எழுந்தாள். விகாரையில் பெரிய பிக்கு பார்த்து வைத்த பெயர் அவளுடையது. எதற்கும் கலங்காத சமநிலை என்று அர்த்தம். அந்தச் சமநிலை இப்போது சேலை முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு, தூறலில் நனைந்தபடி, பக்கத்துக் கட்டடத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தது.

பல மாதமாகப் பூட்டிக் கிடந்த கராஜ் அது. போன வாரம்தான் யாரோ திறந்து, த்ரீவீலர்களுக்குச் சீட் தைத்து சவுண்ட் செட் மாட்டும் கடை போட்டிருந்தார்கள். உள்ளே ஒரு சிவப்பு த்ரீவீலர். அதன் பின்சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன... பாட்டுக்கு ஏற்றபடி ஆடிக்கொண்டு வேறு.

"ஏங்க..."

கால்கள் ஆடின.

"ஹலோ... உங்களைத்தான்..."

கால்கள் இன்னும் உற்சாகமாக ஆடின.

உபேக்ஷா சுற்றிலும் பார்த்தாள். பேட்டரியிலிருந்து ஒரு வயர் போயிற்று. பிடித்து ஒரே இழு. ஊரே சட்டென்று அமைதியானது. தகரக் கூரையில் தூறல் விழும் சத்தம் மட்டும்...

சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு முகம் வந்தது. கன்னத்தில் கிரீஸ், நெற்றியில் தூசி. அதற்கு நடுவே இரண்டு கண்கள்... மழையில் நனைந்த கடல்பாறை மாதிரி கறுப்பாக, பளபளப்பாக. கோபப்பட வேண்டிய அந்தக் கண்கள் சிரித்தன.

"எந்த வயரைப் பிடுங்கினீங்கன்னு தெரியுமா மிஸ்? மாத்திப் பிடுங்கியிருந்தா பாட்டோட சேர்ந்து நீங்களும் ஆடியிருப்பீங்க."

"எத்தனை தடவை கூப்பிடுறது? காது செவிடா உங்களுக்கு?"

அந்தச் சிரிப்பு ஒரே ஒரு கணம் அணைந்தது. அணைந்த வேகத்திலேயே மறுபடி எரிந்தது.

"இப்பக் கேக்குது. நல்லாவே கேக்குது."

"பக்கத்துல பள்ளிக்கூடம் இருக்கிறது தெரியாதா?"

"தெரியும். ஆனா சத்தமே இல்லையே. சின்னப் பிள்ளைங்க இருக்கிற இடத்துல சத்தமே வரலைன்னா... லீவுன்னுதானே நினைப்பாங்க?"

"சத்தமில்லாம இருக்கத்தான் நாங்க கத்துக் கொடுக்கிறோம்."

"அதை எதுக்கு மிஸ் கத்துக்கணும்? தூங்கும்போது தானா வருமே."

சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆனாலும் என்னவோ... மணி விளையாட்டைப் பற்றி அவனிடம் சொன்னாள். கை அசையாமல் இருக்க மனசும் அசையாமல் இருக்க வேண்டும், அடுத்தவன் சரியாகப் பிடித்துக்கொண்டானா என்று பார்த்தபிறகுதான் விட வேண்டும், முக்கால் வட்டம் வந்தபோதுதான் உங்கள் பாட்டு வந்து எல்லாவற்றையும் கெடுத்தது என்று... அவன் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஒரு தோளை லேசாக உயர்த்திக்கொண்டு, அவள் முகத்தையே பார்த்தபடி கேட்டான்.

'என்ன ஸ்டைலோ... கழுத்து சுளுக்கிக்கொண்டவன் மாதிரி.'

"எத்தனை மணிக்கு இந்த விளையாட்டு?" என்றான்.

"பத்து மணிக்கு. அரை மணி நேரம்."

"சரி. பத்துலேருந்து பத்தரை வரைக்கும் என் கடையில எலிகூட கீச்சுன்னு சொல்லாது. போதுமா? என் பேரு அசேல."

பெயரை யார் கேட்டது என்று நினைத்துக்கொண்டே திரும்பி நடந்தாள். ஆனால் பெயர் ஞாபகம் இருந்தது.

அவன் சொன்ன சொல் மாறவில்லை. மறுநாள் காலை முழுக்க அடித்து நொறுக்கிய பாட்டு, சுவர்க் கடிகாரம் பத்தைத் தொட்டதும் பாதி வரியில் நின்றது. குழந்தைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மிஸ், மாமா நிறுத்திட்டாரு."

"ஆமா... நமக்காக நிறுத்திட்டாரு. நாமும் அவருக்காக நல்லா விளையாடலாமா?"

அதற்குப் பிறகு தினமும் பத்து மணிக்கு அந்த அமைதி வந்தது. யாரோ வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகும் பூ மாதிரி... சத்தமில்லாமல், தவறாமல். உபேக்ஷாவுக்கு என்ன ஆயிற்று என்றே தெரியவில்லை. ஒன்பதே முக்காலுக்கெல்லாம் கண் கடிகாரத்துக்குப் போக ஆரம்பித்தது.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டதும் அவனே வந்தான், ஒரு பெரிய பாலித்தீன் பையோடு.

"எல்லாம் வேஸ்ட்டுதான் மிஸ். சீட் தைச்ச மிச்சம். தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி உங்களுக்கு ஆகுமான்னு..."

பைக்குள் வெல்வெட், ரெக்சின், தரைவிரிப்புத் துண்டு, ஸ்பாஞ்ச், சொரசொரப்பான சாக்கு. உபேக்ஷாவின் முகம் மலர்ந்தது. கண்ணைக் கட்டிக்கொண்டு தொட்டுப் பார்த்தே ஜோடி சேர்க்கும் விளையாட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்? கடையில் வாங்கப் போனால் எங்கே கிடைக்கும்?

"இது எவ்வளவு பெரிய உதவின்னு உங்களுக்குத் தெரியாது."

"எப்படி விளையாடுவாங்க? எனக்கும் சொல்லிக் கொடுங்க."

சின்னப் பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் முழங்கால் தாடையில் இடிக்க அவன் உட்கார்ந்தான். கைக்குட்டையால் அவன் கண்ணைக் கட்டினாள். துணிகளை ஒவ்வொன்றாக அவன் முன்னால் வைத்தாள்.

"ரெக்சின்... இது வெல்வெட், மட்டமான வெல்வெட்... இது சாக்கு..." தடவிக்கொண்டே போன விரல்கள் ஒரு இடத்தில் நின்றன. "இது... இது நான் கொண்டுவந்தது இல்லையே. ரொம்ப மெலிசா... காலையில இஸ்திரி போட்டது..."

அவள் சட்டென்று பின்வாங்கினாள். முந்தானை அவன் விரல்களிலிருந்து நழுவியது. கைக்குட்டையை அவிழ்த்துவிட்டு அவனும் எழுந்தான். இரண்டு பேரும் வேறு வேறு சுவரைப் பார்த்தார்கள்.

"பாஸா மிஸ்?" என்றான் சுவரைப் பார்த்தபடியே.

"ஃபெயில். பையில இருந்ததை மட்டும்தான் தொடணும்."

காய்ச்சல் விட்டு சேனுலி திரும்பி வந்திருந்தாள். இரட்டைக் குடுமி, உருண்டைக் கன்னம். தொட்டுப் பார்க்கும் விளையாட்டில் அவள்தான் ராணி. கறுவாப்பட்டையா, சேரைப் புல்லா, காய்ந்த எலுமிச்சைத் தோலா... டப்பாவை மோந்து பார்த்து முதலில் சொல்வதும் அவள்தான். தண்ணீர்க் குவளையை ஒரு சொட்டுச் சிந்தாமல் அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கொண்டுபோவாள். மணி மட்டும் ஆகாது. கைக்கு வந்ததும் ஆட்டிக்கொண்டே, முகமெல்லாம் பெருமையாக, ஏதோ சாதித்த மாதிரி அடுத்தவனிடம் நீட்டுவாள். கிணிங் கிணிங் என்று வட்டமே கலையும்.

"வேணும்னே பண்றா மிஸ்."

"நேத்தும் இப்படித்தான் பண்ணினா. அவ வேண்டாம் மிஸ்."

கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். சொன்னதைச் செய்ய மாட்டாள். கொஞ்சம் பிடிவாதக்காரி என்றுதான் உபேக்ஷாவும் நினைத்திருந்தாள். அவள் அம்மா நிலூகாவிடம் அப்படித்தான் சொல்லியும் இருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை மழை கொட்டியது. பேக்கரியில் மீன் பணிஸ் வாங்கிக்கொண்டு உபேக்ஷா கூரைக்குக் கீழே ஒதுங்கி நின்றாள். குடையோடு வந்தான் அசேல.

"பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வரலாமா? நான் இல்ல மிஸ்... குடை கேக்குது."

ஒரே குடை. இரண்டு தோள்களுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. வாசல்வரை நாலு எட்டு சேர்ந்து நடந்தாலும்கூட அவன் அவளுக்கு இடது பக்கமாக வந்துவிடுவான். அவள் பக்கம் மாறினால் அவனும் சுற்றிக்கொண்டு மாறுவான். ஏன் என்று கேட்டதில்லை. அது அவனுடைய மரியாதை என்று அவளாகவே வைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் அன்றைக்கு ஒரு பள்ளத்தைத் தாண்டும்போது அவள் அந்தப் பக்கம் போய்விட்டாள். வாகனங்கள் தண்ணீரை வாரி இறைத்ததில் அவனால் மாற முடியவில்லை. அவனுடைய இடது தோளுக்கு அருகே அவள்...

அந்த மழை... அந்த நெருக்கம்... எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு. "நீங்க வந்ததுலேருந்து... பத்து மணி எப்ப வரும்னு இருக்கு எனக்கு. பிள்ளைங்களுக்காக மட்டும் இல்ல... எனக்காகவும்தான். ரொம்ப நன்றி."

பதிலுக்காகக் காத்திருந்தாள். அவன் நேரே பார்த்து நடந்துகொண்டிருந்தான். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"பஸ் வந்துடுச்சு மிஸ்," என்றான்.

அவ்வளவுதான்.

பஸ் ஜன்னலில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள் உபேக்ஷா. கன்னத்தில் வழிந்தது மழையா, வேறா என்று அவளுக்கே தெரியவில்லை. 'கேட்டும் கேட்காத மாதிரி... அவ்வளவு கேவலமாகவா போயிற்று நான் சொன்னது?'

திங்கட்கிழமை வந்ததும் கராஜ் பக்கத்து ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அவன் வாசலில் நின்று "மிஸ், புதுசா கொஞ்சம் கார்ப்பெட் துண்டு..." என்றபோது, "இருக்கிறதே போதும்" என்றாள். அவன் புரியாமல் நின்றான். புரியாத மாதிரி நடிக்கிறான் என்று அவளுக்கு இன்னும் ஆத்திரம்தான் வந்தது. ஆனாலும் பத்து மணிக்குப் பாட்டு நின்றது. அதுதான் தாங்க முடியவில்லை.

புதன்கிழமை. குழந்தைகளைச் சுற்றி உட்காரவைத்து ஆமையும் கொக்கும் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். கொக்கு மாதிரி குரலைத் தணித்தபோது எதேச்சையாக சேனுலியைப் பார்த்தாள்.

தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து... ஒரு தோளை லேசாக உயர்த்தி... மிஸ்ஸின் உதட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டு...

'இதை எங்கேயோ பார்த்திருக்கிறேனே...'

கதை பாதியில் நின்றுபோனது. உபேக்ஷா எழுந்து அலமாரியிலிருந்து மணியை எடுத்தாள். குழந்தைகளுக்குப் பின்னால் போய் நின்று மெதுவாக ஒரு முறை ஆட்டினாள். எல்லாத் தலைகளும் திரும்பின. இரட்டைக் குடுமி மட்டும் திரும்பவில்லை. இன்னும் அருகே போய் ஆட்டினாள். பக்கத்துப் பிள்ளைகள் சிரிப்பதைப் பார்த்த பிறகுதான் சேனுலி திரும்பினாள்... மற்றவர்கள் சிரிக்கிறார்களே என்று தானும் சிரித்துக்கொண்டு.

உபேக்ஷா அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டாள்.

பிடிவாதம் இல்லை. குறும்பும் இல்லை. அந்தக் குழந்தைக்கு மணிச் சத்தமே கேட்கவில்லை. சத்தம் வராமல் கொடுத்துவிட்டோம் என்றுதான் தினமும் அவ்வளவு பெருமையாக நீட்டியிருக்கிறாள்.

அப்புறம்தான் அந்த இன்னொரு விஷயம், மெல்ல, அவள் மனசுக்குள் வந்து நின்றது. கராஜில் கூப்பிடக் கூப்பிட ஆடிய கால்கள்... எப்போதும் சுற்றி வந்து பக்கம் மாறிக்கொள்கிற நடை... குடைக்குள் அந்தச் சலனமில்லாத முகம். அவன் கேட்டும் கேட்காத மாதிரி நடிக்கவில்லை. அவன் கேட்கவே இல்லை.

"காது செவிடா உங்களுக்கு?" என்று தான் கத்தியது ஞாபகம் வந்தது. முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள்.

சாயங்காலம் கார்மென்ட் ஃபாக்டரி வேலை முடிந்து பிள்ளையைக் கூட்டிப்போக வந்த நிலூகாவிடம், உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, பக்குவமாகத்தான் சொன்னாள். நிலூகாவின் முகம் இறுகியது.

"போன மாசம் பிடிவாதம்னீங்க. இந்த மாசம் செவிடுங்கிறீங்க. அடுத்த மாசம் என்ன மிஸ்?"

"அக்கா, நான் அன்னைக்குச் சொன்னது தப்பு. ஆஸ்பத்திரியில ஒரு தடவை காட்டிட்டா..."

"இவ அப்பா கடலுக்குப் போயிருக்காரு. வர மூணு வாரம் ஆகும். வந்து, பிள்ளைக்குக் காது கேக்காதுன்னு ஊரெல்லாம் பேசுறது அவர் காதுல விழணுமா? பொம்பளப் பிள்ள மிஸ். ஒரு பேரு ஒட்டிக்கிச்சுன்னா போகாது. என் பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல."

சேனுலியின் பையை எடுத்துக்கொண்டாள். மறுநாள் குழந்தை வரவில்லை.

அன்றைக்கே உபேக்ஷா கராஜுக்குப் போனாள். ஸ்பீக்கர் பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்த அசேல நிமிர்ந்தான். அவள் சுற்றிக்கொண்டு போய் அவனுடைய வலது பக்கத்தில் நின்றாள். அதைப் பார்த்ததுமே அவன் கையில் சுத்தியல் நின்றுவிட்டது.

"யாரு சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. நானாத் தெரிஞ்சுக்கிட்டேன். அன்னைக்கு மழையில நான் பேசினது உங்களுக்குக் கேக்கலைன்னு... இப்பதான் புரிஞ்சுது. நன்றி சொன்னேன். நீங்க பதில் சொல்லலைன்னு கோபம். அதான் ஜன்னலைச் சாத்தினேன்."

உபேக்ஷா சேனுலியைப் பற்றிச் சொன்னாள். நிலூகா சொன்னதையும் சொன்னாள்.

"நீங்க அவங்ககிட்டப் பேசணும். நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீங்க உங்களைப் பத்திச் சொன்னா..."

"சொன்னா?" அவன் குரல் மாறியிருந்தது. "போன வருஷம் மாத்தறையில எனக்கு ஒரு பொண்ணு பார்த்தாங்க. எல்லாம் பேசி முடிச்சாங்க. காது விஷயம் தெரிஞ்சதும் அவங்க வீட்டுல வேண்டாம்னுட்டாங்க. அந்த ஊர்ல கடையை மூடிட்டு இங்க வந்தேன். இங்க யாருக்கும் தெரியாது. சவுண்ட் செட் பண்றவனுக்கே ஒரு காது அவுட்டுன்னு தெரிஞ்சா எவன் மிஸ் வண்டியைக் கொண்டுவருவான்? சிரிக்க மாட்டாங்க?"

"ஒரு பிள்ளைக்காக..."

"என் குறையை வீடு வீடாப் போய்க் காட்டச் சொல்றீங்க. உங்களுக்கு ஒரு வயரைப் பிடுங்குற மாதிரி எல்லாமே ஈசி."

சுத்தியல் மறுபடி அடிக்க ஆரம்பித்தது. உபேக்ஷா நின்று பார்த்தாள். பிறகு திரும்பி நடந்தாள்.

மறுநாள் பத்து மணி. கடிகாரம் பத்தைத் தொட்டது. பாட்டு நிற்கவில்லை. தும்... தும்... என்று அவள் நெஞ்சுக்குள்ளேயே அடித்தது. குழந்தைகள் அவள் முகத்தைப் பார்த்தார்கள். மணியை அலமாரியிலேயே வைத்துவிட்டு, எல்லோருக்கும் பெரிய போர்வை ஒன்றைக் கொடுத்தாள். சுற்றி நின்று ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, நடுவில் ஒரு பந்தைத் தூக்கிப் போட்டுக் கீழே விழாமல் பிடிக்கும் விளையாட்டு. குழந்தைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஒரு ஓரம் மட்டும் அவள் கையிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது.

திங்கட்கிழமை காலை வாசலில் நிலூகா நின்றிருந்தாள், கையில் சேனுலியோடு. கண்கள் சிவந்திருந்தன.

"அந்த சவுண்ட் கடைத் தம்பி நேத்து வீட்டுக்கு வந்தாரு மிஸ்."

உபேக்ஷா கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"வாசல்லயே நின்னு கையால வலது காதை இறுக்கிப் பொத்திக்கிட்டு, 'அக்கா, இப்பப் பேசுங்க... என்ன வேணா திட்டுங்க... எனக்குக் கேக்காது' ன்னாரு. எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம் உக்காந்து சொன்னாரு. சின்ன வயசுல காதுல சீழ் வடிஞ்சுதாம். வீட்டுல எண்ணெய் காய்ச்சி ஊத்தினாங்களாம். ஸ்கூல்ல கூப்பிட்டது கேக்காம உக்காந்திருந்தா அடியாம். மந்தம்னு பேரு வச்சாங்களாம். ரொம்ப லேட்டா ஆஸ்பத்திரி போனப்ப, முன்னாடியே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு சொன்னாங்களாம்." நிலூகா மூக்கை உறிஞ்சினாள். "'உங்க பிள்ளையை ஒருத்தர் கவனிச்சுப் பார்த்திருக்காங்க அக்கா. அந்த மாதிரி ஒரு மிஸ் எனக்குக் கிடைக்கல' ன்னாரு. ராத்திரி பூரா தூங்கல மிஸ் நான். இவளைப் பின்னாலேருந்து கூப்பிட்டுப் பார்த்தேன்... திரும்பல..."

உபேக்ஷா அவளைக் கட்டிக்கொண்டாள். சேனுலி இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நெளிந்தாள்.

ஆஸ்பத்திரிக்கு அசேலவின் த்ரீவீலரில்தான் போனார்கள். வழியெல்லாம் அவன் கண்ணாடியில்கூடப் பின்னால் இருந்த உபேக்ஷாவைப் பார்க்கவில்லை. டாக்டர் பொறுமையாகச் சோதித்துவிட்டு, செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டியிருக்கிறது, சளியும் காய்ச்சலும் அடிக்கடி வந்ததில் சேர்ந்தது, கொஞ்ச நாள் பார்க்கலாம், வற்றாவிட்டால் ஒரு சின்னக் குழாய் வைத்தால் வடிந்துவிடும் என்றார். வற்றவில்லை. அப்பா கடலிலிருந்து வந்த பிறகு குழாய் வைத்தார்கள்.

வீட்டுக்குத் திரும்பும்போது சேனுலி த்ரீவீலரில் ஏறினாள். அசேல வண்டியைக் கிளப்பினான். குழந்தை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு முகத்தைச் சுளித்தது.

"மாமா... உங்க வண்டி ஏன் கத்துது? கத்த வேண்டாம்னு சொல்லுங்க."

நிலூகா வெளியே பார்த்துக்கொண்டு அழுதாள். அசேல இஞ்சினை அணைத்துவிட்டு, ஹேண்டிலின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, வெகுநேரம் அப்படியே இருந்தான். உபேக்ஷா பின்னாலிருந்து அந்த முதுகையே பார்த்தாள். கையை நீட்டித் தொட வேண்டும் போலிருந்தது... தொடவில்லை.

பிறகு ஒரு வாரம் கழித்து சேனுலி வகுப்புக்கு வந்தாள். பத்து மணிக்குப் பக்கத்துக் கராஜ் அடங்கியது. மணி புறப்பட்டது. சேனுலியின் கைக்கு வந்ததும் வழக்கம் போல 'கிணிங்' என்றது. குழந்தைகள் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் சேனுலி... அசையாமல் மணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் நாக்கை விரலால் தொட்டாள். மறுபடி லேசாக ஆட்டி, காதுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவள் கண்கள் வட்டமாக விரிந்தன.

"இதுவா?" என்றாள். "இதுவா வரக் கூடாது?"

"அதுதான் செல்லம்."

"மறுபடி... முதல்லேருந்து மிஸ்."

மறுபடி முதலிலிருந்து போயிற்று. அவளைத் திட்டிக்கொண்டிருந்த பையனே தன் கையை அவள் கைக்கு அடியில் கொடுத்துத் தாங்கிப் பிடித்தான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, மணியின் நாக்கை விரலால் அணைத்து, ஒரு பறவைக் குஞ்சை நகர்த்துவது போல நகர்த்தினாள். மணி சிணுங்கவில்லை. அடுத்த கை... அதற்கடுத்த கை... கடைசியில் உபேக்ஷாவின் உள்ளங்கையில் வந்து சத்தமில்லாமல் உட்கார்ந்தது.

ஒரு நொடி யாரும் நம்பவில்லை. அப்புறம் அந்த அறையே கூரை பிய்த்துக்கொள்கிற மாதிரி கத்தியது. சேனுலியைத் தூக்கிச் சுற்றினார்கள். கத்தல் கேட்டு வாசலுக்கு ஓடிவந்தான் அசேல.

"என்ன மிஸ் இது... பத்து மணிக்கு இப்படிச் சத்தம் போட்டா பக்கத்துல கடை நடத்துறவன் என்ன பண்ணுவான்?"

சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள் உபேக்ஷா.

பிள்ளைகளெல்லாம் போனபிறகு வானம் இருட்டிக்கொண்டு வந்தது. பேக்கரி வாசலில் அவன் நின்றிருந்தான். முதல் துளி விழுந்து, இரண்டாவது விழுந்து, சட்டென்று கொட்ட ஆரம்பித்தது. அவள் ஓடிவந்து அதே கூரைக்குக் கீழே நின்றாள். உள்ளே நாலைந்து பேர் ப்ளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்," என்றான் அசேல. "அன்னைக்குப் பத்து மணிக்கு வேணும்னேதான் நிறுத்தல. பாட்டு ஓடிக்கிட்டிருந்தது, ஒரு வரிகூட மனசுல ஏறல. சாயங்காலம் வரைக்கும் அந்தப் பிள்ளை முகம்தான். ரெண்டு நாள் என்னோடயே சண்டை போட்டுட்டுத்தான் போனேன்."

"நானும்தான் கேக்கணும். முதல் நாளே வந்து செவிடான்னு..."

"நீங்க ஒருத்தர்தான் மிஸ் நேரா கேட்டீங்க. மத்தவங்கெல்லாம் முதுகுக்குப் பின்னாடி கேட்டாங்க... அது எனக்குக் கேக்காது." அவன் சிரித்தான். பிறகு சிரிப்பு மெல்ல அடங்கியது. "நிலூகா அக்கா வீட்டுல சொல்லிட்டு வெளியில வந்தப்ப, நெஞ்சுலேருந்து ஏதோ பாரம் இறங்கின மாதிரி இருந்துச்சு. இவ்வளவு வருஷமா மறைச்சு மறைச்சு எவ்வளவு களைச்சுப் போயிருந்தேன்னு அப்பதான் தெரிஞ்சுது. அதுக்கு உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்."

மழை இரைந்தது. அவன் தன் கையிலிருந்த கிரீஸ் கறையைத் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"இப்ப ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. இனிமே எனக்கு யாரு பொண்ணு கொடுப்பா?"

"யாரையாவது கேட்டுப் பார்த்தீங்களா?"

அவன் நிமிர்ந்தான். அவள் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் காது நுனி வரை சிவந்திருந்தது.

"உங்க வீட்டுக்கு வரலாமா மிஸ்? காது விஷயத்தை முதல் வார்த்தையாச் சொல்லிடுறேன். அப்புறம் அவங்க இஷ்டம்."

"எங்க அப்பாவுக்கு ரெண்டு காதுமே மந்தம். நீங்க முதல் வார்த்தையாச் சொன்னா அவருக்குக் கேக்காது. கத்திச் சொல்லணும். நீங்க ரெண்டு பேரும் பேசி முடிக்கிறதுக்குள்ள தெரு முழுக்கக் கல்யாண விருந்துக்கு வந்துடும்."

அவனுக்குச் சிரிக்க வேண்டுமா, நம்ப வேண்டுமா என்று தெரியவில்லை. அவள் பக்கம் முழுசாகத் திரும்பி நின்றான்.

"எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு மிஸ்."

"மிஸ்ஸா?"

"உபேக்ஷா..." என்றான். முதல் முறையாக. "உபேக்ஷா, எனக்கு உன்னை ரொம்பப் பிடிச்சிருக்கு."

அவள் உதடுகள் அசைந்தன. தகரக் கூரையில் மழை அடித்த அடியில் அவளுக்கே அது கேட்கவில்லை.

"என்ன?" என்று அவன் குனிந்தான். "மழைச் சத்தத்துல..."

குழந்தைகளுக்கு மெதுவாகப் பேசச் சொல்லிக் கொடுக்கிற உபேக்ஷா மிஸ் ஒரு முறை மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்குன்னு சொன்னேன்," என்றாள், மழையைவிடச் சத்தமாக. "ரொம்பப் பிடிச்சிருக்கு."

பேக்கரிக்குள் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அவர்களைப் பார்க்கவில்லை. அவன் கண்கள் நிறைந்து வழிவதை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள்.